ஆசிரியை விடுப்பில் இருக்கும்போது யோகா வகுப்பை எப்படி நடத்துவது?

கேட்டிருப்பவர் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில் பல வருடங்களாக யோகா பயின்று வருகிறார். ஆசிரியர் பயிற்சியும் முடித்திருக்கிறார், ஆனால் தனியாக வகுப்பு எடுத்ததில்லை. அவருடைய ஆசிரியைக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு வாரம் காலை 6 மணி வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். “இந்தப் பயிற்சி எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. அந்த நன்றியை இந்த இரண்டு வாரத்தில் காட்ட வேண்டும் என்று ஆசை. என்ன சொல்லிக்கொடுப்பது, எப்படி நடத்துவது? பணம் கொடுத்தால் வாங்கலாமா?” என்று கேட்கிறார்.

நன்றியைக் காட்ட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மாற்று வகுப்பு எடுப்பவர்கள் தடுமாறுவதும் அநேகமாக அந்த இடத்தில்தான். மனம் நிறைந்திருக்கும்போது கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடத் தோன்றும். பயிற்சியில் கற்ற புது ஆசன வரிசை, பந்தங்கள் எனப்படும் உடல் பூட்டுகள் பற்றி ஒரு விளக்கம், உடம்பின் சக்தி மையங்களாகச் சொல்லப்படும் சக்கரங்கள் பற்றி இன்னொன்று, முடிவில் நீண்ட தியானம் என்று திட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முட்டி வலி. அவர் பக்கத்தில் இருப்பவர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்க் குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டும். அவர்கள் வந்திருப்பது தங்கள் பயிற்சியைச் செய்ய. அதைச் செய்ய வைத்து அனுப்பினால் போதும். இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய காணிக்கை அதுதான் என்பது என் கருத்து.

யோகசூத்திரத்தில் பதஞ்சலி, பயிற்சி வேரூன்ற மூன்று வேண்டும் என்கிறார்: நீண்ட காலம் செய்ய வேண்டும், இடையில் விடாமல் செய்ய வேண்டும், மதிப்போடு செய்ய வேண்டும். நீண்ட காலம் என்பது அவரவர் ஆயுள் சம்பந்தப்பட்டது. மதிப்பு அவரவர் மனசு. நடுவில் இருக்கும் ‘இடையில் விடாமல்’ என்ற ஒன்றைத்தான் இன்னொருவர் வந்து காப்பாற்றிக்கொடுக்க முடியும். வகுப்பு நடத்திய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இரண்டு வாரம் லீவு விட்டால் திரும்பி வருபவர்கள் குறைந்துவிடுவார்கள். விடிகாலையில் எழுந்து கிளம்பும் பழக்கம் உண்டாக மாதக்கணக்கில் ஆகும், விட்டுப்போக ஒரு வாரம் போதும். ஹால் திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, ஒருவர் மேட் விரித்துக் காத்திருக்கிறார் என்பதே அவர்களில் பலரை வர வைக்கும்.

அடுத்தது, உங்கள் ஆசிரியை எந்த வழியில் சொல்லிக்கொடுக்கிறார் என்பதை யோசியுங்கள். ஆசிரியர் மாறினால் வகுப்பு எவ்வளவு மாறும் என்பது இதைப் பொறுத்தது. வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியில் வரிசை ஏற்கெனவே வகுத்துவைத்தது. கை, கால், மூச்சு, கண் என்று எந்த ஊர் மனவளக்கலை மன்றத்துக்குப் போனாலும் அதே ஒழுங்கு. பத்தமடையில் பிறந்த சிவானந்தரின் பரம்பரையிலும் 12 அடிப்படை ஆசனங்கள் ஒரு வரிசையில் வரும். மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்பித்த அஷ்டாங்க முறையில் இது இன்னும் தெளிவு. ஒவ்வொருவரும் தங்கள் வரிசையைத் தாங்களே செய்துகொண்டிருப்பார்கள், ஆசிரியர் நடுவில் நடந்து உதவுவார். இப்படிப்பட்ட வகுப்பில் வரிசையே பாதி ஆசிரியர். நீங்கள் அதைத் தொடாமல் இருந்தால் போதும்.

பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த முறையில் நிலைமை வேறு. அன்றைக்கு என்ன, எந்த ஆழத்தில் என்பதை ஆசிரியர் தீர்மானிப்பார். ஒரு வாரம் நின்று செய்பவை, ஒரு வாரம் முன் வளைபவை, ஒரு வாரம் பிராணாயாமம் என்று போகும் வகுப்புகள் உண்டு. அங்கே எந்த வாரத்தில் விட்டார் என்று தெரியாமல் தொடர முடியாது. ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குருவான கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும் சென்னையில் வளர்த்த வழியில் ஆளுக்கேற்ற பயிற்சிதான் அடிப்படை, அதனால் குழு வகுப்பாக இருந்தாலும் இவருக்கு இது வேண்டாம், அவருக்கு அது மட்டும் என்று ஆசிரியை மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார். அந்தக் கணக்கு எங்கும் எழுதியிருக்காது. நீங்கள் போய் வாங்கிக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே ஒருநாள் நேரில் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். போனில் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். வகுப்பில் வழக்கமாக உட்காரும் இடப்படி ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லுங்கள். பெயர் பெயராகக் கேட்டால் மறந்துபோகும், இடப்படி கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: “கதவு ஓரம் இருக்கிறவருக்குப் பிரஷர், மாத்திரை போடுறார். அவருக்குப் பின்னாடி இருக்கிற மாமிக்கு எலும்புத் தேய்மானம், குனிய வைக்காதே. ஜன்னல் பக்கம் இருக்கிற பொண்ணு வேகமாப் போகும், மூச்சைப் பிடிச்சுக்கும், பார்த்துக்கோ.” இப்படி ஒரு அரைமணி நேரம் கேட்டால், இத்தனை வருடம் உங்கள் பின்னால் நின்று உங்களைப் பற்றியும் இப்படித்தான் ஒன்று நினைவில் வைத்திருந்திருக்கிறார் என்பது புரியும். நன்றி என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களே, அது உண்மையில் எவ்வளவு பெரியது என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போது தெரியவரும்.

உடல்நல விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்னொருவருடைய குழுவை ஒருவர் கையில் எடுக்கும்போது கவனம் போக வேண்டிய முதல் இடம் இது.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீரபத்ராசனத்தில் கையைத் தலைக்கு மேலே வெகுநேரம் தூக்கி வைத்திருக்க வேண்டாம், இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும். எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா இரண்டும் அவர்களுக்கு வேண்டாம். இதய நோய், ஹெர்னியா, வலிப்பு உள்ளவர்களுக்கும், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அதேதான். கண் நீர் அழுத்தம், அதாவது கிளாக்கோமா உள்ளவர்களைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பலர் இதை யோகாவோடு சம்பந்தப்படுத்திப் பார்ப்பதே இல்லை, அதனால் தானாகச் சொல்லவும் மாட்டார்கள். தலை கீழே போகும் எந்த நிலையும் கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். தலைகீழாக நிற்கும் சிரசாசனம் மட்டும் இல்லை, கையும் காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கும் அதோமுக சுவானாசனமும், நின்று குனியும் உத்தானாசனமும், சுவரில் கால் வைத்துப் படுக்கும் விபரீத கரணியும் அந்தக் கணக்கில் வரும். இவர்களுக்குச் சூரிய நமஸ்காரத்தை நாற்காலி பிடித்து, தலை இதயத்துக்குக் கீழே போகாமல் செய்யச் சொல்லலாம்.

எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை உருட்டி ஆழமாகக் குனிவது ஆபத்து. உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்துக்குப் பதிலாகக் காலை நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்கு, தோளில் எடை தாங்கிக் காலைத் தூக்கும் சர்வாங்காசனமும் ஹலாசனமும் கிடையாது. முட்டி வலிக்காரர்கள் வஜ்ராசனத்தில் உட்காரக் கஷ்டப்பட்டால், தொடைக்கும் கெண்டைக்கால் சதைக்கும் நடுவில் மடித்த போர்வையை வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் முடியாவிட்டால் நாற்காலி. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வந்தால் மயக்கம் வரலாம், அதனால் பையில் குளுக்கோஸோ நாலு பேரீச்சம்பழமோ இருக்கட்டும்.

முதல் நாள் வகுப்புக்கு முன்னால் “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று பொதுவில் கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கால்மணி நேரம் முன்பே போய் ஒவ்வொருவர் மேட்டுக்கும் பக்கத்தில் போய்க் கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவாக, “என்கிட்ட தனியாச் சொல்லணும்னா வகுப்புக்கு முன்னாடி வந்து சொல்லலாம்” என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கர்ப்பம் மூன்று மாதம் ஆகும்வரை வீட்டிலேயே சொல்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. ஹாலில் வைத்து அவர்களைச் சொல்ல வைக்கக் கூடாது. எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மா வகுப்பு ஆரம்பிக்கும் முன் ஒரு சுற்று வருவார். முட்டி எப்படி இருக்கு, நேத்து தூங்கினீங்களா, பேரன் வந்துட்டானா என்று ஏதாவது ஒன்று கேட்பார். அரட்டை என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தேன். யாரை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதை அந்த ஒரு சுற்றிலேயே அவர் முடிவு செய்துவிடுவார் என்பது நானே வகுப்பு எடுக்க ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது.

இனி என்ன சொல்லிக்கொடுப்பது. உங்கள் ஆசிரியைக்கு நிலையான வரிசை இருந்தால் அதுவே. இல்லையென்றாலோ, “நீயே பார்த்துச் செய்” என்று சொல்லிவிட்டாலோ, வயது கலந்த குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்கு இப்படி அமைக்கலாம். முதல் பத்து நிமிடம் நின்றபடி மூச்சோடு கையை உயர்த்தி இறக்குவது, தோள், கழுத்து, கணுக்கால் அசைவு, பிறகு முட்டியும் கையும் ஊன்றிப் பூனைபோல முதுகை வளைக்கும் மார்ஜாரி. அப்புறம் மெதுவாக நான்கைந்து சுற்று சூரிய நமஸ்காரம். அடுத்து தாடாசனம், திரிகோணாசனம், வீரபத்ராசனம், விருட்சாசனம். திரிகோணாசனத்தில் கை தரையைத் தொட வேண்டும் என்ற அவசரம் நம் ஊரில் அதிகம். முழங்காலுக்குக் கீழே எங்காவது வைத்தால் போதும், நாற்காலி இருந்தால் நாற்காலியில் வைக்கட்டும். விருட்சாசனத்தில் பெரியவர்களைச் சுவர் ஓரம் நிறுத்துங்கள்.

பிறகு குப்புறப் படுத்துப் புஜங்காசனம், ஒரு கால் மாற்றி ஒரு கால் சலபாசனம், உடனே முட்டி மடக்கி உட்கார்ந்து முன்னால் குனியும் பாலாசனம். பின்னால் வளைந்தால் அதற்கு எதிர்நிலையாக முன்னால் மென்மையாக மடங்க வேண்டும். கிருஷ்ணமாச்சாரியார் வழியில் வந்தவர்கள் இதை மிகவும் கவனமாகப் பார்ப்பார்கள், எந்த வழியில் வந்தவரும் கடைப்பிடிக்கலாம். முட்டி மடங்காதவர்கள் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொள்ளட்டும். உட்கார்ந்து ஒரு முறுக்கு, படுத்து சேதுபந்தாசனம், அதோடு ஆசனம் முடியட்டும். மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்குக் குறைந்தது ஏழு நிமிடம். எழுந்து உட்கார்ந்து, மூக்குத் துவாரங்களில் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி, மூச்சை நிறுத்தாமல், கடைசியில் சில முறை வண்டுபோல ரீங்கரிக்கும் பிராமரி. சவாசனத்தையும் பிராணாயாமத்தையும் எந்த வரிசையில் வைப்பது என்பதில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு உண்டு. உங்கள் ஆசிரியை செய்வதுபோலவே வையுங்கள்.

கர்ப்ப காலத்தில் பாதியைத் தாண்டியவர் இருந்தால் குப்புறப் படுப்பது, ஆழமாக முறுக்குவது எதுவும் இல்லை. சவாசனத்திலும் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவே தலையணை வைக்கட்டும்.

சிரசாசனத்தையும், மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகத்தையும் இந்த இரண்டு வாரம் சொல்லிக்கொடுக்காதீர்கள். வழக்கமாகச் செய்பவர்கள் கேட்பார்கள். “மேடம் வந்ததும் செய்யலாம்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். இரண்டு வாரம் அதைச் செய்யாததால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. கழுத்தில் ஒரு பிசகு என்றால் மாதக்கணக்கில் கஷ்டப்படுவார்கள், உங்கள் ஆசிரியை அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நடத்தும் விதத்தில் முதல் சவால் வலது, இடது. நீங்கள் அவர்களைப் பார்த்து நிற்கிறீர்கள். “வலது கையை உயர்த்துங்கள்” என்று சொல்லும்போது நீங்கள் இடது கையை உயர்த்த வேண்டும், அப்போதுதான் கண்ணாடியில் பார்ப்பதுபோல அவர்களுக்கு வரும். கேட்க எளிது. ஒரு முழு சூரிய நமஸ்காரத்தில் வாய் ஒன்றும் உடம்பு வேறொன்றும் செய்ய வேண்டும் என்றால் பழக்கம் இல்லாமல் முடியாது. வீட்டில் யாரையாவது எதிரே நிறுத்தி மூன்று நாள் சொல்லிப் பாருங்கள். அதோமுக சுவானாசனம் போன்றவற்றைப் பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டினால்தான் முதுகின் கோடு தெரியும்.

எல்லாவற்றையும் செய்து காட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒருமுறை காட்டுங்கள், பிறகு எழுந்து நடங்கள். நீங்கள் குனிந்திருக்கும்போது கடைசி வரிசையில் ஒருவர் மூச்சு வாங்குவது தெரியாது. இன்னொன்று, எப்போதும் ஒரே பக்கம் மட்டும் காட்டும் ஆசிரியர்களுக்கு இடுப்பிலும் தோளிலும் ஒரு பக்க வலி வருவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கே கூட, ஒருநாள் வலது பக்கம் காட்டினால் மறுநாள் இடது பக்கம் காட்டுங்கள்.

சொல்லும் சொல் குறைவாக இருக்கட்டும். புதிதாக எடுப்பவர்கள் மௌனத்துக்குப் பயந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். கால் எங்கே, கை எங்கே, பார்வை எங்கே, மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. இவ்வளவு சொன்னால் ஆசனத்துக்குள் போய்விடுவார்கள். போன பிறகு நான்கைந்து மூச்சுக்கு வாயைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்களும் மூச்சை எண்ணுங்கள், இல்லாவிட்டால் பதற்றத்தில் மூன்றாவது மூச்சிலேயே “ரிலாக்ஸ்” என்று சொல்லிவிடுவீர்கள். நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பாருங்கள், கையில் போன் வேண்டாம். சவாசனத்தின் நேரத்தைக் குறைக்காதீர்கள். ஆசனம் நீண்டுபோனால் ஒரு ஆசனத்தை விட்டுவிடுங்கள்.

தொட்டுத் திருத்துவது வேண்டாம். உங்கள் ஆசிரியை ஒருவர் முதுகில் கை வைக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் பல வருட நம்பிக்கை இருக்கிறது, அவர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்ற அனுபவமும் இருக்கிறது. அது உங்களோடு வந்திருக்காது. வாயால் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று செய்து காட்டுங்கள். மிகவும் தேவைப்பட்டால் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இனி மனிதர்கள். முதல் நாளே ஒருவர், “எங்க மேடம் இப்படிச் சொல்ல மாட்டாங்களே” என்பார். அவர் உங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயின்றதை அவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். “மேடம் சொன்னபடியே செய்யுங்க” என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள், அது யாருக்கும் ஆபத்தில்லாத வரை. மூச்சை எங்கே இழுப்பது, பாதத்தை எவ்வளவு திருப்புவது என்பதில் பள்ளிகளுக்குள் வித்தியாசங்கள் உண்டு. நீங்கள் கற்ற முறை உயர்ந்தது என்று நிரூபிக்க இந்த ஹால் இடமில்லை.

நாலைந்து நாள் கழித்து வேறொருவர், “மேடத்தை விட நீங்க நல்லா எடுக்கறீங்க” என்பார். இது முன்னதை விடச் சங்கடமானது. அவர் முதுகு நிமிர்ந்து உட்காருவதும், நீங்கள் சொன்னவுடன் மூச்சு வசப்படுவதும் உங்கள் ஆசிரியை வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி வந்தது. “அவங்க உங்களைத் தயார் பண்ணி வச்சிருக்காங்க, அதான் எனக்கு ஈஸியா இருக்கு” என்று உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் தனி வகுப்பு, வாட்ஸ்அப் குரூப், வார இறுதி முகாம் எதைப் பற்றியும் அங்கே பேச வேண்டாம். யாராவது நம்பர் கேட்டால் இப்போதைய குரூப்பிலேயே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். நம்பி ஒப்படைத்த இடத்திலிருந்து ஒரு மாணவரைக்கூட நம் பக்கம் இழுக்காமல் இருப்பது இந்தத் துறையில் அடிப்படை ஒழுக்கம். இதில் நான் கறாராகவே இருப்பேன்.

தனியாக எடுத்ததில்லை என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. கர்நாடகத்தின் பெல்லூரில் பிறந்த ஐயங்கார் சிறு வயதில் காசநோயும் மலேரியாவும் டைபாய்டும் கண்டு மெலிந்துபோயிருந்தவர். மைசூரில் அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றுக்கொண்டிருந்தவரை, 1937-ல், 18 வயதில், புனேயில் ஆறு மாதம் சொல்லிக்கொடுக்க அனுப்பினார் குரு. கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பது தேர்வுக்கு ஒரு காரணம். மராத்தி தெரியாது, முறையாகப் படித்ததும் கொஞ்ச காலம்தான், எதிரே நின்றவர்களில் பலர் அவரை விடத் திடமான உடம்புக்காரர்கள். சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததாலேயே மணிக்கணக்கில் தானே செய்து செய்து பார்த்துக் கற்றார். பின்னாளில் முடியாதவர்களுக்காக நாற்காலி, பெல்ட், கட்டை, சுவர், கயிறு என்று அவர் கொண்டுவந்த உதவிகள் இன்று உலகம் முழுக்க யோகா ஹால்களில் இருக்கின்றன. ஆறு மாதத்துக்குப் போனவருக்கு புனேயே ஊராகிவிட்டது. 1975-ல் மனைவி ரமாமணியின் பெயரில் அங்கேதான் நிறுவனமும் தொடங்கினார். நீங்கள் போவது இரண்டு வாரத்துக்கு, அதுவும் தெரிந்த முகங்களுக்கு நடுவே. எல்லாம் தெரிந்த பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றியை வாய்விட்டுச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். முதல் நாள் ஆரம்பத்தில், மேடம் நலமாகத் திரும்பி வர வேண்டும் என்று எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணை மூடி நினைத்துக்கொண்டால் அழகாக இருக்கும். மனவளக்கலை வகுப்புகளில் ஒருவரையொருவர் ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்துவது வழக்கம். அது தினமும் நடப்பதாலேயே யாருக்கும் கூச்சம் இல்லாமல் வாயில் வருகிறது. சில இடங்களில் ‘ஸஹநாவவது’ சொல்லி முடிப்பார்கள். கற்பவர், கற்பிப்பவர் இருவரையும் சேர்த்துக் காக்கச் சொல்லி, நமக்குள் வெறுப்பு வராதிருக்கட்டும் என்று வேண்டும் மந்திரம் அது, வகுப்புக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் உங்கள் ஆசிரியை வழக்கமாகச் சொல்லாதவர் என்றால் நீங்களாகக் கொண்டுவர வேண்டாம். மேட் விரித்திருப்பவர்களில் வேறு மதத்தினரும், சாமி நம்பிக்கை இல்லாதவரும் இருக்கலாம். இத்தனை வருடம் அவர்கள் நிம்மதியாக வந்து போகும்படி அந்த ஹாலை உங்கள் ஆசிரியை வைத்திருக்கிறார்.

உங்களுக்கு யோகா என்ன செய்தது என்ற கதையை வகுப்பில் நீளமாகச் சொல்ல வேண்டாம் என்பேன். அதைச் சொல்ல வேண்டிய ஆள் உங்கள் ஆசிரியை. ஆபரேஷனுக்கு முன்னால் நேரில் போகும்போது சொல்லுங்கள். எந்த வருடம் எந்த நிலைமையில் அவரிடம் வந்தீர்கள், எந்த ஆசனத்தில் எதைச் சொன்னார், அது உங்களுக்கு எங்கே உதவியது என்று விவரமாகச் சொல்லுங்கள். “எல்லாத்துக்கும் தேங்க்ஸ் மேடம்” என்பதைத் தினமும் கேட்டிருப்பார். தான் சொன்ன ஒரு வார்த்தை ஒருவருடைய தூக்கத்தையோ முதுகையோ துக்கத்தையோ மாற்றியது என்று விவரத்தோடு சொன்னவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள். தமிழ்நாட்டில் மொட்டை மாடிகளிலும், கோயில் மண்டபங்களிலும், கார்ப்பரேஷன் பூங்காக்களிலும் விடிவதற்கு முன்பே விளக்கைப் போட்டு வகுப்பு எடுக்கும் பெண்கள் எத்தனையோ பேர். வாங்கும் பணம் கொஞ்சம், லீவு கிடையாது, பெயர் எங்கும் வராது. மைசூர், புனே, முங்கேர், லோனாவ்லா என்று பெரிய யோகா மையங்கள் உள்ள ஊர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் யோகா வந்து சேர்ந்தது இவர்கள் கை வழியாகத்தான்.

நன்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது உங்கள் சொந்தப் பயிற்சி. வகுப்பு எடுக்கும் நாட்களில் முதலில் அடிபடுவது அதுதான். ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால், “வகுப்பிலேயே செய்துவிடுகிறோமே” என்று விட்டுவிடத் தோன்றும். வகுப்பில் உங்கள் கண் இருபது பேர் மேல் இருக்கும், மூச்சு பேச்சில் போகும், ஆசனம் பாதியில் நிற்கும். பயிற்சி என்று அதைச் சொல்ல முடியாது. ஐந்து மணிக்கு எழுந்து இருபது நிமிடமாவது உங்களுக்காகச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். மூச்சு அடங்கியிருக்கும் ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் குழுவும் சீக்கிரம் அடங்கும். அதை எந்தப் பேச்சாலும் கொண்டுவர முடியாது.

வகுப்பு முடிந்ததும் நோட்டில் சில வரி எழுதி வையுங்கள். யார் வந்தார்கள், என்ன செய்தோம், யாருக்கு எங்கே வலித்தது, யார் புதிதாக மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். தினமும் ஆசிரியைக்கு போன் செய்து தொந்தரவு செய்யாதீர்கள், கண்ணுக்கு ஓய்வு வேண்டும். வாரக் கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் கண்ணைச் சிரமப்படுத்தாமல் கேட்டுக்கொள்வார். முழு நோட்டையும் அவர் திரும்பும்போது கொடுத்துவிடுங்கள்.

யாராவது வராமல் போனால் உங்களால்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் இல்லாத வாரத்தில் சிலர் ஓய்வு எடுத்துக்கொள்வார்கள், திரும்பி வருவார்கள். இரண்டு பேர் வந்தாலும் இருபது பேருக்கு எடுப்பதுபோல முழு வகுப்பு எடுங்கள்.

பணம். கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், இதில் தவறே இல்லை. காலையில் எழுந்து போய்ப் பொறுப்பு ஏற்று நடத்துகிறீர்கள். ஆனால் எவ்வளவு, யார் கொடுப்பது, மாணவர்கள் கட்டணத்தை யாரிடம் தருவது என்பதை முன்பே ஆசிரியையோடு பேசி முடித்துவிடுங்கள். மாணவர்கள் உங்கள் கையில் பணம் கொடுத்தால், வழக்கமாகக் கட்டும் இடத்திலேயே கட்டச் சொல்லுங்கள். ஆபரேஷன் செலவு இருக்கும் நேரத்தில் வாங்க மனம் வரவில்லை என்றால் அதையும் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். வற்புறுத்திக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பது அவருக்கும் ஒரு மரியாதை.

கடைசியாக ஒன்று. கண்புரை ஆபரேஷன் ஆனவர்களைச் சில வாரங்களுக்குக் குனிய வேண்டாம், கனம் தூக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். இரண்டு வாரத்தில் உங்கள் ஆசிரியை வந்துவிட்டாலும், செய்து காட்ட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்லி எடுக்க வேண்டியிருக்கலாம். அப்போது முன்னால் நின்று செய்து காட்ட ஓர் ஆள் வேண்டும். அதற்கும் நீங்கள் வர முடியுமா என்று இப்போதே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸில் நேரம் கேட்பதற்கும் வசதியாக இருக்கும்.